மரத்தடி மருத்துவர்

வேலூரிலிருந்து மேற்கே குடியாத்தத்திற்குச் செல்லும் சாலையில் இன்று பேருந்துகள் விரைகின்றன. நூறாண்டுகளுக்கு முன் அது மாட்டு வண்டிகள் மெல்ல ஊர்ந்த புழுதிச் சாலை. அதன் இருமருங்கும் இருந்த சிற்றூர்களில் ஒருவர் நோயுற்றால், மருத்துவமனை உள்ள வேலூரை அடைய ஒரு பகல் முழுதும் ஆகலாம். வண்டி கட்ட வசதியற்றவர்கள் நோயாளியைக் கயிற்றுக் கட்டிலோடு தோளில் சுமந்து வந்தனர். பலர் அதற்கும் துணியாமல் வீட்டிலேயே கிடந்து மாண்டனர். இவர்களைத் தேடி, வாரந்தோறும் குறித்த நாளில், மருந்துப் பெட்டிகளுடன் அச்சாலையில் சென்ற ஒரு பெண்மணி இருந்தார். அவரே ஐடா ஸ்கட்டர் அம்மையார்.

ஐடாவின் குடும்பம் அமெரிக்க நாட்டைச் சேர்ந்தது. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர் என்பவர் 1819-இல் கப்பலேறி, முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னைப் பகுதியிலும் மருத்துவமும் சமயப் பணியும் புரிந்தவர். அவருடைய மக்கள் பலரும் அதே பணியில் ஈடுபட்டனர். மக்களுள் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கட்டரே ஐடாவின் தந்தையார், அவரும் மருத்துவர். ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். உடன்பிறந்தோர் அனைவரும் ஆண்கள்.

ஐடாவின் குழந்தைப் பருவத்திலே, 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் பல்லாண்டுகள் நடுக்கத்துடன் கூறிவந்த பஞ்சம் அது. உணவு நாடி வந்த சிறுவர்கள், கொடுத்த ரொட்டியைத் தாமே எடுத்து உண்ணவும் வலுவற்றிருந்தனர். சிறுமியாகிய ஐடா அதனைத் துண்டு துண்டாகப் பிட்டு அவர்கள் வாயில் ஊட்டினார். இரக்கம் பிறக்கும் காட்சிதான். ஆயினும் அது அவர் உள்ளத்தில் விளைத்தது வேறு. இத்துயரத்தின் நடுவே வாழ இயலாது என்ற எண்ணமே அவருக்கு உண்டாயிற்று. பின்னர் அமெரிக்கா சென்று கல்வி பயின்றபோது, இனி இந்தியாவில் தங்குவதில்லை என்றே உறுதி கொண்டிருந்தார்.

1890-ஆம் ஆண்டு, தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. தாயைப் பேணுவதற்காக ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். தாயார் தேறியதும் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் கருத்து. அங்கே ஓர் இரவு அவருடைய வாழ்வின் திசையையே மாற்றிவிட்டது.

அவ்விரவில் ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு வகுப்பைச் சேர்ந்த இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் வேண்டியது ஒன்றே: ஐடா வந்து உதவ வேண்டும். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறும் ஐடா ஒவ்வொருவரிடமும் கூறினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவர்களுள் எவரும் இசையவில்லை. அவர்கள் மனைவியரிடம் அன்பில்லாதவர் அல்லர். நள்ளிரவில் அயலாரின் கதவைத் தட்டிக் கெஞ்சியவர்கள் அவர்கள். ஆனால் ஊர் வழக்கம் கட்டிய சுவரைத் தனியொருவராக இடிக்க அவர்களுக்கு இயலவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாப்பறை கேட்டது. பணியாளை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று தெரிந்தது.

மருத்துவர் அதே ஊரில், அதே வீட்டில் இருந்தார். மருந்தும் இருந்தது. இருந்தும் மூன்று உயிர்கள் போயின. ஐடா தம் அறைக்குள் சென்று நெடுநேரம் சிந்தித்தார். பின்னர் வெளியே வந்து, தாம் மருத்துவம் பயின்று இந்நாட்டிற்கே திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

சொன்னவண்ணமே அவர் அமெரிக்கா சென்று 1895-இல் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்பு நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுப்பப் பொருள் வேண்டியிருந்தது. ஷெல் என்ற முதியவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். அத்தொகையுடன் ஐடா 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து சேர்ந்தார்.

தந்தையாரின் பக்கத்தில் சில ஆண்டுகள் இருந்து தொழிலின் நுட்பங்களைக் கற்கலாம் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை சில திங்களுக்குள் பொய்த்தது. அவ்வாண்டே தந்தையார் காலமானார். அனுபவம் முதிராத இளம்பெண் தனித்து நின்றார். தந்தையாரிடம் நம்பிக்கையோடு வந்த மக்கள், மகளிடம் வரத் தயங்கினர். பெண்ணொருத்தி எப்படி மருத்துவம் செய்வாள் என்பது ஓர் ஐயம். அழைத்தவர்களும் வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகே அழைத்தனர். அந்நிலையில் எந்த மருந்தும் பயன்படுவதில்லை. நோயாளி இறந்தால் பழி புதிய மருத்துவர்மேல் விழுந்தது. அப்பழி மேலும் பலரை வாராமல் தடுத்தது. சிற்றூர்களில் மருத்துவம் தொடங்குவோர் அனைவரும் முதலில் கடக்க வேண்டிய சுழல் இது.

வீட்டின் ஒரு சிற்றறையே அவருக்கு மருத்துவச்சாலை ஆயிற்று. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமி என்பவர் துணைக்கு வந்தார். மருத்துவம் அறியாத அப்பெண்மணி, மருந்து கலக்கவும் கட்டுக் கட்டவும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். வந்த பெண்களிடம் அவர்கள் பேசும் பேச்சிலேயே பேசி அச்சம் தெளிவித்தவரும் அவரே. புகழ் பெற்றோர் வரலாற்றில் இத்தகையோர் பெயர் ஒருவரியோடு மறைந்துவிடுகிறது. ஆயினும் அந்த அறையின் வாயிலை ஊர்ப் பெண்கள் கூசாமல் மிதித்ததற்குச் சலோமியும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஒருவர் கண்நோய் தீர்ந்தது. வேறொருவர் புண் ஆறிற்று. செய்தி பரவியது. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு அம்மையார் மருத்துவம் செய்தார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் திறக்கப்பட்டது.

கட்டடம் எழுந்தவுடன் கவலை தீர்ந்துவிடவில்லை. நாள்தோறும் வாயிலில் கூட்டம் நின்றது. ஆனால் அம்மையார் உள்ளத்தை வருத்தியது வாராதவர்களின் நினைவே. சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் நோய் முற்றிய நிலையில் வந்தனர். ஒரு வாரம் முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தை, மருத்துவமனைத் திண்ணையில் கிடத்தியவுடனே உயிர் நீத்தது. அவர்கள் ஏன் முன்பே வரவில்லை? வழி நெடிது. நோயாளியுடன் மற்றொருவர் வரவேண்டும். அவ்விருவரின் அன்றைய கூலி போகும். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பெண் நோயுற்றால் அவள் தானே முடிவு செய்ய இயலாது. கணவனும் மாமியாரும் இசைய வேண்டும். வீட்டைவிட்டு நகரத்து மருத்துவமனைக்குச் சென்றவர் உயிருடன் மீள்வதில்லை என்ற அச்சம் வேறு. இறுதிக் கட்டத்தில் வந்தவர்கள் பலர் அங்கு இறந்தமையால் அந்த அச்சமும் அடிப்படையற்றது என்று சொல்வதற்கில்லை.

இவற்றையெல்லாம் கண்ட அம்மையார், நோயாளி மருத்துவரைத் தேடி வரும் முறையை மாற்றி, மருத்துவர் நோயாளியைத் தேடிச் செல்லும் முறையை மேற்கொண்டார். முதலில் மாட்டு வண்டியிலே பயணம். வண்டி ஊர்ந்து சேர்வதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். பிறகு, 1909-ஆம் ஆண்டளவில், பெஷோ என்னும் பிரெஞ்சு நாட்டுச் சிறு மோட்டார் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. மாடோ குதிரையோ இன்றித் தானே உறுமிக்கொண்டு ஓடிவந்த அவ்வண்டியைக் கண்டு, பேய் வருகிறதென்று கருதி மக்கள் வயல்களுக்குள் ஓடி ஒளிந்தனர். நோய் தீர்க்க வந்த வண்டியைக் கண்டு நோயாளிகளே ஓடிய வேடிக்கை சில காலம் நிகழ்ந்தது. நாளடைவில் அவ்வண்டியின் ஓசையைத் தொலைவிலே கேட்டுக் குழந்தைகள் சாலைக்கு ஓடிவரத் தொடங்கினர்.

சாலையோர மருத்துவம் நிகழ்ந்த முறை இது: விடியற்காலையில் வண்டி வேலூரை விட்டுப் புறப்படும். மருந்துப் புட்டிகள், களிம்புகள், கட்டுத் துணிகள், பல் பிடுங்கும் குறடு, சிறு கத்திகள் ஆகியவை பெட்டிகளில் இருக்கும். குறித்த ஊரின் எல்லையில், சாலையோரத்து மரநிழலில் வண்டி நிற்கும். அங்கே முன்பே மக்கள் காத்திருப்பர். மருத்துவமனைக்கு வேண்டிய கட்டடம் மரமே. மேசை வண்டியின் படியே. கண்வலியும், சீழ் பிடித்த புண்ணும், சிரங்கும், காய்ச்சலும், வயிற்றுப்போக்கும் அங்கு வரும் பிணிகள். புண்களைக் கழுவிக் கட்டுவதற்கு ஒருவர். மருந்து அளப்பதற்கு ஒருவர். பெயர் எழுதுவதற்கு ஒருவர். தொழுநோயாளிகளை ஊரார் தம் அருகே நிற்க விடுவதில்லை. அவர்கள் சற்று அப்பால் காத்திருப்பர். அவர்களிடமும் மருத்துவர் சென்றார். ஓரிடத்தில் கூட்டம் குறைந்ததும் வண்டி அடுத்த மரத்தடிக்குப் புறப்படும். இவ்வாறு குடியாத்தம் வரை சென்று, வேலூர் திரும்பும்போது இருட்டிவிடும். திரும்பும் வண்டியில் மருந்துப் பெட்டிகள் இருந்த இடத்தில், அறுவை மருத்துவம் வேண்டிய நோயாளிகள் நெருங்கி அமர்ந்திருப்பர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணியில் இடர்கள் பல இருந்தன. மூன்று நாளுக்கென்று கொடுத்த மருந்தை விரைவில் குணமாகும் என்றெண்ணி ஒரே வேளையில் குடித்துவிடுவோர் உண்டு. எழுத்தறியாதவர்க்குச் சீட்டெழுதிக் கொடுத்துப் பயனில்லை. வலி நின்றவுடன் நோய் தீர்ந்தது என்று கருதி அடுத்த வாரம் வாராமல் இருந்துவிடுவர். புண் உள்ளே புரையோடும். கண்ணில் சதை வளர்ந்து பார்வை குன்றியவரிடம், ஒரு வாரம் வேலூரில் தங்கினால் பார்வை கிடைக்கும் என்று சொன்னால், அறுவடை முடியட்டும் என்பர். அறுவடை முடிந்தபின் திருவிழா முடியட்டும் என்பர். அவர்களைக் கடிந்து பயனென்ன? அறுவடைக் கூலியே ஆண்டு முழுதும் அவர்களுக்குச் சோறு.

மருந்தால் மட்டும் தீராத பிணிகளும் இருந்தன. அக்காலத்தில் படிக்கிணறுகள் உள்ள ஊர்களில் நரம்புச் சிலந்தி என்னும் நோய் பரவியிருந்தது. நோயுற்றவரின் காலில் கொப்புளம் உண்டாகி, அதன் வழியே நூல்போன்ற நீண்ட புழு வெளிவரும். அக்காலுடன் அவர் கிணற்றுப் படியில் இறங்கி நீர் மொண்டால், புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்நீரைக் குடித்தோர்க்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதே நோய் தோன்றும். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் எத்தனை முறை கட்டினாலும், கிணறு திருந்தாதவரை கட்டுத் துணி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்தியா முழுதும் இந்நோய் ஒழிந்தது என்ற சான்று கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்தான்; அதனை ஒழிக்க மருந்து உதவவில்லை, தூய குடிநீரே உதவிற்று. சிற்றூர் மருத்துவம் கிணற்றையும் குப்பைமேட்டையும் அடுக்களையையும் தேடிப் போகவேண்டிய மருத்துவம் என்பதைச் சாலையோரம் வந்தவர்கள் கண்முன் கண்டனர்.

இத்தனை இடர்களையும் தாங்கி அப்பணி நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. குறித்த நாளில் வண்டி தவறாமல் வந்தது. மழையில் சாலை சேறாகும். கோடையில் கண்ணை மறைக்கும் புழுதி எழும். வண்டியும் அடிக்கடி பழுதாகி நடுவழியில் நிற்கும். ஆயினும் இன்ன கிழமையில் மருத்துவர் வருவார் என்ற சொல் ஊராரிடையே நின்றது. நாள் தெரிந்தால் கூலிக்குச் செல்பவரும் ஒரு நாழிகை ஒதுக்கி வரமுடியும். இன்று ஆறாத புண்ணை அடுத்த வாரம் காட்டலாம். மரத்தடிக்கு ஒருமுறை வந்துபோகும் பெரிய மருத்துவரைவிட, வாரந்தோறும் வரும் சிறிய வண்டி அவர்களுக்குப் பயன்பட்டது.

ஆனால் ஒருவர் எத்தனை மரத்தடிகளில் நிற்க முடியும்? சாலையில் நின்ற ஒவ்வொரு ஊருக்கும் உள்ளே பல ஊர்கள் இருந்தன. மகப்பேற்று வேதனை கிழமை பார்த்து வருவதில்லை. ஊர் மருத்துவச்சியரைத் தவிர வேறு துணையின்றி எத்தனையோ பெண்கள் இருந்தனர். அம்மருத்துவச்சியரோ கைகழுவுதல், கருவியைக் கொதிநீரில் இடுதல் முதலியவற்றைக் கற்க வாய்ப்புப் பெறாதவர்கள். திண்டிவனத்தில் மாண்ட மூன்று பெண்களைப் போன்றோர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதை அம்மையார் அறிவார். இந்நாட்டுப் பெண்களே மருத்துவம் பயின்று ஊர்தோறும் சென்றாலன்றி வேறு வழியில்லை என்று அவர் துணிந்தார். 1903-இல் மருந்து கலப்போர்க்குப் பயிற்சி தொடங்கினார்; 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவினார். அதன்பின் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்று காண முனைந்தார்.

பெண்கள் எங்கே படிக்க வரப்போகிறார்கள் என்று அரசாங்கத்து மருத்துவத் தலைவர்களே ஐயுற்றனர். 1918-இல் பள்ளி தொடங்கியபோது வந்த விண்ணப்பங்கள் 151. இடமும் பொருளும் குறைந்தமையால் மிகச் சிலரையே சேர்க்க முடிந்தது. வாடகைக் கட்டடம், சில நூல்கள், நுண்பெருக்கி, பாடத்திற்குச் சில எலும்புகள்; இவையே பள்ளியின் செல்வம். அம்மையாரே பாடம் கற்பித்தார். அவரே அறுவை மருத்துவம் செய்தார். சாலையோரப் பணிக்கும் சென்றார். முதலாண்டுத் தேர்வில் ஆண்கள் பள்ளிகளில் பெரும்பாலோர் தவறினர் என்ற செய்தி கேட்டு அவர் அஞ்சினார். ஆனால் வேலூரிலிருந்து தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். நான்காண்டுப் படிப்பை முடித்து 1922-இல் அவர்கள் வெளிவந்தனர்.

அம்மாணவியர்க்கு மரத்தடியும் ஒரு வகுப்பறையாக இருந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை மருத்துவமனையில் பார்த்தவர்கள், அந்நோய் பிறந்த வீட்டையும் அவ்வீட்டார் குடிக்கும் நீரையும் சாலையோரத்தில் பார்த்தனர்.

1930-களின் இறுதியில் பெருந்துன்பம் ஒன்று வந்தது. மருத்துவக் கல்வி பட்டப் படிப்பாகவே இருத்தல் வேண்டும் என்று சென்னை அரசாங்கம் விதித்தது. சிற்றூரார்க்குத் தாழ்ந்த தரத்து மருத்துவர் போதும் என்று எவரும் வாதிட இயலாது. ஆதலால் அவ்விதியைத் தவறென்று கூறுவதற்கில்லை. ஆனால் அதற்கு வேண்டிய ஆசிரியர்களும் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் வேலூரில் இல்லை. பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெறவேண்டிய அவ்வயதில் அவர் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகச் சுற்றிப் பொருள் வேண்டினார். உலகப் போர் நடந்த காலம் அது. 1942-இல் பட்டப் படிப்புத் தொடங்கியது.

ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல சபைகள் ஒன்றுகூடி உதவும் என்ற யோசனை அப்போது எழுந்தது. பெண்களுக்கென்றே பல ஆண்டுகள் பொருள் திரட்டித் தந்த அன்பர்கள் சிலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். இது வாக்குத் தவறுதல் என்றனர். அம்மையாரும் மிக வருந்தினார். அவருடைய வாழ்நாள் முழுதும் பெண்களுக்கே உரியதாக இருந்தது. எனினும் கல்லூரி மூடப்பட்டால் பெண்களுக்கும் அது இல்லாமற் போகும் என்பதை எண்ணி, முடிவில் இசைந்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். பழைய தோழமை சில அதனால் முறிந்தது. அந்த வடு அவரிடம் இருந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பே, 1946-இல், அவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவருக்குப் பின் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர் தலைமை ஏற்றார். கொடைக்கானலில் தம் மலைவீட்டில் எஞ்சிய காலத்தைக் கழித்த ஐடா அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

அவர் ஓய்வு பெற்ற 1946-ஆம் ஆண்டிலேதான், சிற்றூர்ப் பகுதிகளில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைக்க வேண்டும் என்று போர் என்பவர் தலைமையிலான குழு இந்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 1952 முதல் அத்தகைய நிலையங்கள் நாட்டில் எழலாயின. கட்டடங்கள் எழுந்த பின்னும், அங்கு மருத்துவர் தங்குவாரா, மருந்து இருக்குமா, இரவில் கதவு திறக்குமா என்னும் கேள்விகள் பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தன. வேலூர் மருத்துவக் கல்லூரியினர் 1977-இல் சிற்றூர் மக்களின் உடல்நலத்திற்கும் வாழ்க்கை நலத்திற்குமாகத் தனி நிலையம் ஒன்றை நிறுவினர். அது அமைந்துள்ள இடம், வேலூருக்கும் குடியாத்தத்திற்கும் இடையே சாலையில் உள்ள கீழ்வைத்தினான்குப்பம்.